வீட்டில் கேஸ் டார்ச் பிடிக்க எந்தத் தளம் நல்லது: கல்லா, கரியா, போர்டா?

வெள்ளி நகை வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்ளத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் டார்ச்சையும் வெண்காரத்தையும் (போராக்ஸ்) பற்றாசையும் (துண்டுகளை இணைக்க உருக்கி ஓடவிடும் உலோகக் கலவை) முதலில் வாங்கிவிட்டு, அதன்பிறகே இதையெல்லாம் எதன் மேல் வைத்து ஊதுவது என்று யோசிக்கிறார்கள். சமையல் மேடையின் கிரானைட் போதுமா, வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் போதுமா, கடையில் விற்கும் வெள்ளைக் கல்லுக்கும் மஞ்சள் கல்லுக்கும் என்ன வேறுபாடு, கரிக்கட்டைக்கு ஏன் தனி விலை என்ற கேள்விகள் வாசகர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. கையில் பிடிக்கும் பியூட்டேன் டார்ச், அதைவிடச் சற்றுப் பெரிய எல்பிஜி டார்ச் ஆகிய இரண்டை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆக்சிஜன் சேர்த்து எரிக்கும் டார்ச்சுக்கு இங்கே சொல்லப்படும் எல்லைகள் பொருந்தா.

## எவற்றை வைத்து எடைபோடுவது

எல்லோரும் முதலில் கேட்பது, அந்தப் பொருள் எத்தனை டிகிரி தாங்கும் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான் என்றாலும், தேர்வு செய்ய இது அதிகம் உதவுவதில்லை. எல்பிஜி காற்றோடு கலந்து எரியும் சுடரின் கோட்பாட்டு வெப்பநிலை 1,900 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; ஆனால் சுடர் படும் பொருள் அந்த வெப்பநிலையை எட்டுவதே இல்லை, ஏனெனில் அது வாங்கும் சூட்டை உடனுக்குடன் சுற்றிலும் இழந்துகொண்டே இருக்கிறது. நாம் செய்யும் வேலைக்கும் அவ்வளவு சூடு தேவையில்லை. வெள்ளிப் பற்றாசுகள் பொதுவாக 650 முதல் 780 டிகிரிக்குள் உருகி ஓடிவிடுகின்றன; 92.5 சதவீத வெள்ளி 800 டிகிரிக்குச் சற்று மேலே போனால் தானே இளகத் தொடங்கிவிடும். ஆகவே 1,000 டிகிரியைத் தாங்கும் எந்தப் பொருளும் இந்த ஒரு தேர்வில் தேறிவிடுகிறது.

வேறுபாடு தெரிவது அடுத்த கேள்வியில்: வாங்கிய சூட்டை அந்தத் தளம் என்ன செய்கிறது? சில தளங்கள் சூட்டை உறிஞ்சித் தம் உடம்புக்குள் பரப்பிக்கொள்ளும். சில, மேற்பரப்பில் மட்டும் சிவந்து, அந்தச் சூட்டை வேலைப்பொருளுக்கே திருப்பித் தரும். முதல் வகையின் மேல் ஒரு மெல்லிய மோதிரத்தை வைத்து ஊதினால், மேற்புறம் உருகும் நிலையில் இருக்கும்போதும் அடிப்புறம் பற்றாசு ஓடும் சூட்டுக்கு வந்திருக்காது. டார்ச் போதவில்லை என்று பெரிய டார்ச் வாங்குபவர்களில் பலருக்கு உண்மையில் மாற்ற வேண்டியிருந்தது தளம்தான்.

மூன்றாவது, திடீர்ச் சூட்டைத் தாங்கும் திறன். மெல்ல மெல்லச் சூடேறினால் தாங்கும் பொருளும், ஒரே இடத்தில் சில நொடிகளில் சூடேறினால் வெடிக்கலாம். நான்காவது, ஈரம். நுண்துளைகளிலும் இணைப்புகளிலும் தங்கிய நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிப் போனால், தளத்தின் மேற்பகுதி சில்லாகப் பெயர்ந்து முகத்தை நோக்கித் தெறிக்கும். ஐந்தாவது, தளத்திலிருந்து வெளிவருவது: தூசு, புகை, நார். கடைசியாக, தளத்துக்குக் கீழேயும் பின்னாலும் என்ன இருக்கிறது என்பது. சுடர் வேலைப்பொருளோடு நிற்பதில்லை. அதைத் தாண்டிப் பின்சுவர் வரை போகும்.

## கிரானைட், கடப்பா, டைல்ஸ்

இவை மூன்றும் வீட்டில் ஏற்கெனவே இருப்பவை, செலவில்லாதவை, மூன்றும் இந்த வேலைக்கு ஆகாதவை.

கிரானைட்டில் குவார்ட்ஸ் படிகங்கள் கலந்திருக்கின்றன. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறி, அது திடீரென்று பருக்கிறது. அக்கம்பக்கத்துக் கனிமங்கள் அதே அளவு பருக்காததால் கல்லுக்குள் வெடிப்பு விழுகிறது. பாத்திரத்தைச் சூடாக இறக்கி வைக்கும்போது கிரானைட் தாங்குகிறதே என்று சொல்வது இங்கே பொருந்தாது, ஏனெனில் கொதிக்கும் குழம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியதுதான். இப்போது புதிய வீடுகளில் போடப்படும் செயற்கைக் குவார்ட்ஸ் மேடையோ பிசின் சேர்த்து இறுக்கியது. டார்ச் சுடர் பட்டால் உடனே நிறம் மாறிக் கருகும். கடப்பா சுண்ணாம்புக் கல் இனத்தைச் சேர்ந்தது, அடுக்கடுக்காக அமைந்தது; சுடர் ஒரே இடத்தில் நின்றால் மேலடுக்கு பெயர்ந்து தெறிக்கலாம்.

டைல்ஸ் பலரையும் ஏமாற்றும். விட்ரிஃபைட் டைல்ஸ் சூளையில் சுமார் 1,200 டிகிரியில் சுடப்பட்டதுதானே, சிறு டார்ச் அதை என்ன செய்துவிடும் என்ற வாதத்தில் தவறு இருப்பதுபோல் தோன்றாது. சூளைக்குள் முழு ஓடும் ஒரே சீராகச் சூடேறிச் சீராக ஆறியது என்பதையும், மேசையின் மேல் ஒரு ரூபாய்க் காசளவு இடம் மட்டும் சிவக்க, சுற்றியுள்ள பகுதி அறைச்சூட்டிலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது ஏன் பட்டென்று இரண்டாகிறது என்பது விளங்கும். அடர்த்தியான, துளையற்ற ஓட்டில் இந்த இழுவிசையைத் தாங்கிக்கொள்ள இடமே இல்லை. டைல்ஸுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

## சாதாரணச் சிவப்புச் செங்கல்

கட்டுமானச் செங்கல் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கும், விலையும் அற்பம். ஆனால் அது நீரை நன்றாகக் குடிக்கும். மழைக்காலத்தில் மொட்டைமாடியில் கிடந்த கல்லைக் கொண்டுவந்து ஊதுவது ஆபத்து. முழுதும் காய்ந்த, வெடிப்பில்லாத கல்லாக இருந்தால் டார்ச்சுக்குச் சுற்றுச்சுவராக நிறுத்தலாம். வேலைப்பொருளை அதன் மேலேயே வைத்து ஊதும் அளவுக்கு நம்ப முடியாது.

## கனமான ஃபயர் பிரிக்

உலைகளின் உட்சுவருக்குப் பயன்படும் மஞ்சளோ பழுப்போ கலந்த கல் இது. வழக்கமான 230 × 115 × 75 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் சுமார் 4 கிலோ இருக்கும். கீழே விழுந்தாலன்றி எளிதில் உடையாது, வெண்காரம் உருகி ஒட்டினாலும் சுரண்டி எடுக்கலாம், பல ஆண்டுகள் உழைக்கும். இவ்வளவு நன்மைகளைப் பார்த்து இதையே வாங்கிவிடுபவர்கள் ஏமாற்றமடைவது ஒரே ஒரு காரணத்தால்: இது சூட்டைக் குடிக்கிறது. 4 கிலோ கல்லின் மேல் 4 கிராம் மோதிரத்தை வைத்து ஊதும்போது, நாம் செலவிடும் கேஸின் பெரும்பகுதி கல்லைச் சூடாக்குவதற்கே போகிறது. வாங்கும்போது மலிவாகத் தெரியும் இக்கல், கேஸ் கேனின் கணக்கில் அந்த மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அத்துடன், குடித்த சூட்டை மெதுவாகவே விடும் என்பதால் வேலை முடிந்து வெகுநேரம் கழித்துத் தொட்டாலும் கை சுடும்.

இது சிறந்து நிற்கும் இடமும் உண்டு. தடித்த பித்தளை, செம்பு வேலைகள், இரும்பைச் சிவக்கக் காய்ச்சி வளைப்பது போன்றவற்றில் எடையும் உறுதியும் வேண்டும். பெரிய சுடர் அங்கே இருக்கவே இருக்கிறது. அங்கே இதைத்தான் எடுக்க வேண்டும்.

## லேசான வெள்ளை இன்சுலேஷன் கல்

அதே அளவு, அதே வடிவம். கையில் எடுத்தால் மட்டும் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். உள்ளே முழுக்க நுண்ணிய காற்றறைகள். நகத்தால் கீறினாலே கோடு விழும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தரம் 1,260 டிகிரிக்கு மதிப்பிடப்பட்டது. காற்றறைகள் சூட்டைக் கீழே இறங்க விடுவதில்லை. சுடர் படும் இடம் சில நொடிகளில் சிவந்து, அந்தச் சிவப்பே வேலைப்பொருளுக்கு அடியிலிருந்து சூடு தருகிறது. மேல்முகம் கனன்றுகொண்டிருக்கும்போது கல்லின் அடிமுகத்தில் கை வைக்க முடிகிறது என்பதை முதன்முறை பார்ப்பவர்கள் நம்பவே மாட்டார்கள். திடீர்ச் சூட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும் தெறிப்பதில்லை.

மென்மையாக இருப்பதால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. பழைய ரம்பத்தால் அறுத்து வேண்டிய அளவுக்கு எடுக்கலாம், குண்டூசியைக் குத்தி நிறுத்தி நகைத்துண்டுகளை அசையாமல் பிடிக்கலாம், வளையலுக்கு ஏற்பப் பள்ளம் வெட்டலாம். அறுக்கும்போது எழும் தூசைச் சாதாரணப் புழுதியாக எண்ணிவிடக் கூடாது. அதில் சிலிக்கா இருக்கக்கூடும் என்பதால் கல்லை நனைத்து அறுப்பதும், என்-95 வகை முகக்கவசம் அணிவதும், அறுத்த கல்லை ஊதுவதற்குமுன் நாள்கணக்கில் நன்றாக உலர்த்துவதும் கட்டாயம்.

இதன் மறைமுகச் செலவு தேய்மானம். வெண்காரம் சுமார் 743 டிகிரியில் உருகிக் கண்ணாடிபோல் ஆகிக் கல்லின் துளைகளுக்குள் இறங்கிவிடும். அடுத்த முறை அதே இடத்தில் வைக்கும் வேலைப்பொருள் அதில் ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பெயரும். ஆறு முகங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, குழி விழுந்த முகத்தை இன்னொரு கல்லோடு தேய்த்துச் சமன் செய்தால் ஆயுள் நீளும். அந்தத் தேய்ப்பிலும் தூசு எழும் என்பதை மறக்க வேண்டாம்.

## கரிக்கட்டை

நம் ஊர்ப் பத்தர்கள் உமி நெருப்புச் சட்டியையும் கரியையும் வைத்து ஊதுகுழலால் பொடி ஊதிய, அதாவது பற்றவைத்த, காலத்திலிருந்து இன்றுவரை, நுண்ணிய வேலைக்குக் கரியை விஞ்சிய தளம் வரவில்லை என்பதே என் கணிப்பு. கரி சூட்டைக் கடத்தாமல் திருப்பித் தருகிறது என்பது பாதிக் காரணம். மறுபாதி, கரி தானும் மெல்ல எரிந்து தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கருங்கறையாகப் படிவது இதனால் குறைகிறது. பிறகு சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து மெருகேற்றும் வேலையும் குறைகிறது. வெள்ளித் துணுக்குகளை உருக்கிக் குண்டுமணிகளாகத் திரட்டும் வேலைக்கு வேறு தளத்தை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கரியில் ஒரு சிறு குழி எடுத்து ஊதினால் உருகிய வெள்ளி பளபளவென்று தானாகவே உருண்டு நிற்கும்.

நகைத்தொழில் கருவிக் கடைகளில் இருவகைக் கட்டை கிடைக்கும்: மரத்தை அப்படியே கரியாக்கி அறுத்தது, கரித்தூளை அச்சில் இறுக்கியது. மரக்கரி மென்மையானது, ஆனால் சூட்டில் பிளக்கும். சுற்றிலும் இரும்புக் கட்டுக்கம்பியை இறுகச் சுற்றிவைப்பது அதனால்தான். அச்சுக் கரி கடினமானது, கூடுதலாக உழைக்கும்.

மறைமுகச் செலவைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலில் கவனமாகப் படிக்க வேண்டியது இதுதான். டார்ச்சை அணைத்த பின்னும் கரி உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். வெளியே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும். அப்படியே மேசையில் விட்டுவிட்டுப் போனால் கட்டை தேய்ந்துபோவதோடு, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. மூடிய அறையில் கனலும் கரி கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு மணம் கிடையாது, மயக்கம் வரும்வரை தெரியாது. தண்ணீரில் முக்கினால் கட்டை வெடிக்கும், காயவும் நாளாகும். இறுக மூடும் தகர டப்பாவுக்குள் போட்டு மூடி, காற்றில்லாமல் அணைய விடுவதே முறை. படுக்கையறையின் மூலையில் மேசை போட்டு வேலை செய்பவர்கள் கரியை எடுக்க வேண்டாம்.

## போர்டு வகைகள்

கால்சியம் சிலிகேட், வெர்மிகுலைட், மக்னீசியா, செராமிக் ஃபைபர் என்று பல பொருள்களில் பலகையாகவும் சிறு கட்டியாகவும் விற்கப்படுகின்றன. தட்டையானவை, எடை குறைந்தவை, மேசை நிறையப் பரப்ப ஏற்றவை. வேலைத்தன்மையில் லேசான கல்லுக்கு நெருக்கமானவை. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் உண்டு.

முதலாவது, கால்சியம் சிலிகேட் என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கப்படுகின்றன. பாய்லர் குழாய்களைச் சுற்றிப் போர்த்த உதவுவது ஒன்று. பொய்க்கூரைக்குப் போடப்படும் மெல்லிய பலகை மற்றொன்று. பின்னதில் மரக்கூழ் நார் சேர்க்கப்படுவதுண்டு; சுடர் பட்டால் புகையும், வெடிப்பு விடும். ஹார்டுவேர் கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் இரண்டாவதுதான் பெரும்பாலும் கைக்கு வரும். ஜிப்சம் போர்டும் இதே காரணத்தால் விலக்கத்தக்கது. அதன் படிகத்துக்குள் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியதும் வெளியேறத் தொடங்கி, பலகை மாவாக உதிரும்.

இரண்டாவது, செராமிக் ஃபைபர். சூட்டைத் தடுப்பதில் இதற்கு ஈடு குறைவு. ஆனால் அதன் நுண்ணிய நார்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்கக்கூடியவை என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. தொடர்ந்து மிகுந்த சூட்டில் இருந்த பலகை நொறுங்கும் தன்மை அடைவதோடு, அதில் படிகச் சிலிக்காவும் உருவாகிறது. தொழிற்சாலையில் மூடிய உலைக்குள் இருக்க வேண்டிய பொருளை, தினமும் குத்தியும் கீறியும் நகர்த்தியும் பயன்படுத்தும் மேசையின் மேல், அதுவும் குழந்தைகள் நடமாடும் வீட்டில், வைப்பதற்கு எனக்கு உடன்பாடில்லை.

## ஆஸ்பெஸ்டாஸ் தகடு

பழைய பட்டறைகளில் இதைப் பார்த்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள். கூரைத் தகட்டின் உடைந்த துண்டு எங்கும் கிடைப்பதால் கேள்வி ஓய்வதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதிப்பட்ட முதல் பிரிவில் உள்ளது. அதோடு, சிமென்ட் கலந்த கூரைத் தகடு நெருப்பில் படபடவென்று வெடித்துத் தெறிக்கும். வேண்டாம்.

## இரும்புத் தகடும் மணல் தட்டும்

இரும்பு, லேசான கல்லைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே வேலைத்தளமாக அது தோற்றாலும், காவல் தளமாக முதலிடம் பெறுகிறது: உருகிய உலோகம் சிந்தினாலும், கல் உடைந்து விழுந்தாலும் மேசையைக் காப்பாற்றுவது அதுதான். ஜி.ஐ. தகட்டை மட்டும் எடுக்கக் கூடாது. அதன் மேல்பூச்சான துத்தநாகம் 419 டிகிரியில் உருகி, மேலும் சூடேறினால் ஆவியாகி, மூச்சில் போனால் குளிர்காய்ச்சலைப் போன்ற உபாதையைத் தரும். பூச்சில்லாத இரும்புத் தகடோ, விளிம்பு உயர்ந்த பழைய எவர்சில்வர் தாம்பாளமோ போதும்.

தாம்பாளத்தில் காய்ந்த மணலைப் பரப்பி அதன் மேல் கல்லை வைப்பது நல்ல ஏற்பாடு. மணல் ஈரமாக இருக்கக் கூடாது என்பதால் முதலில் வாணலியில் வறுத்து ஆறவைத்துக்கொள்வது நல்லது.

## ஒரே பார்வையில்

| தளம் | சூட்டை என்ன செய்கிறது | திடீர்ச் சூட்டில் | மறைமுகச் செலவு | பொருந்தும் வேலை |
|---|---|---|---|---|
| கிரானைட், கடப்பா, டைல்ஸ் | உறிஞ்சும் | வெடிக்கும் | மேடையே பாழாகும் | வேலைத்தளமாக எதற்கும் இல்லை |
| கனமான ஃபயர் பிரிக் | உறிஞ்சித் தேக்கும் | பெரும்பாலும் தாங்கும் | கூடுதல் கேஸ், நீண்ட ஆறும் நேரம் | தடித்த பித்தளை, செம்பு, இரும்பு |
| லேசான வெள்ளைக் கல் | திருப்பித் தரும் | தாங்கும் | தேய்மானம், தூசு | பெரும்பாலான வெள்ளி வேலை |
| கரிக்கட்டை | திருப்பித் தரும், ஆக்சிஜனையும் குறைக்கும் | பிளக்கலாம் | கனல், கார்பன் மோனாக்சைடு | மணி, கம்பி, நுண்வேலை |
| பாய்லர் வகைப் போர்டு | தடுக்கும் | தாங்கும் | தவறான வகை கைக்கு வருவது | அகன்ற பரப்பு, பின்தடுப்பு |
| இரும்புத் தகடு | கடத்திவிடும் | வளையும் | மேலே வைத்த வேலை சூடேறாது | அடியில் காவலாக மட்டும் |

## யாருக்கு எது

மோதிரம், தோடு, கொலுசு வளையம் அளவிலான வெள்ளி வேலைக்குப் புதிதாக இறங்குபவர் லேசான வெள்ளைக் கல் இரண்டை வாங்கினால் போதும். ஒன்று படுக்கையாக, வேலைத்தளம்; மற்றொன்று பின்னால் நிமிர்ந்து, சுடரைத் தடுத்துச் சூட்டைத் திருப்பும் சுவர். சிறு டார்ச்சின் சக்தி போதவில்லை என்று தோன்றினால், பெரிய டார்ச்சுக்குப் பணம் எடுப்பதற்குமுன் மூன்றாவது கல் ஒன்றைப் பக்கச் சுவராக நிறுத்திப் பாருங்கள். கை பழகி, மணி திரட்டவும் மெல்லிய கம்பி வேலை செய்யவும் தொடங்கும்போது, காற்றோட்டமுள்ள இடமும் மூடி உள்ள தகர டப்பாவும் இருந்தால், சிறு கரிக்கட்டை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஈயம் கலந்த பற்றாசால் மின்கம்பியோ பாத்திரமோ பற்றவைப்பவர்கள் அதற்குத் தனிக் கல் வைத்துக்கொள்ள வேண்டும். கல்லில் ஒட்டியிருக்கும் ஈயத் துணுக்கு, பிறகு அங்கே சூடேறும் வெள்ளியில் கலந்து அதைக் குழி குழியாக அரித்துவிடும். மிகச் சிறிய துணுக்கே ஒரு நாள் வேலையைக் கெடுக்கப் போதுமானது. இரண்டு கற்களிலும் எது எதற்கென்று எழுதிவைத்துவிடுவது நல்லது.

சமையலுக்கு மட்டும் டார்ச் வைத்திருப்பவர்களுக்கு மேற்சொன்ன எதுவும் தேவையில்லை, எடுக்கவும் கூடாது. கல்லின் தூசும் போர்டின் நாரும் உணவில் சேரக் கூடாதவை. விளிம்புள்ள எவர்சில்வர் தட்டின் மேல் கம்பி வலைத் தாங்கியை வைத்து, அதன் மேல் பாத்திரத்தை வைத்தால் மேடைக்குச் சூடு இறங்காது.

## அடுக்கும் முறை

எந்தத் தளத்தைத் தேர்ந்தாலும் அதை நேராக மேசைப் பலகையில் வைக்கக் கூடாது. நெடுநாள் திரும்பத் திரும்பச் சூடேறும் மரம், வழக்கமாகத் தீப்பற்றும் வெப்பநிலைக்குக் கீழேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. பிளைவுட்டின் மேல் ஒட்டிய சன்மைக்கா அதற்கு வெகுமுன்னரே உப்பிக் கிளம்பும். மேசையின் மேல் முதலில் டைல்ஸ் ஒன்று (அதன் நல்ல பயன் என்று முன்பு சொன்னது இதுதான்), அதன் மேல் விரற்கடை உயரத்துக்கு இடைவெளி தரும் நான்கு ஓட்டுத் துண்டுகள், அவற்றின் மேல் தாம்பாளம், அதில் மணல், எல்லாவற்றுக்கும் மேலே கல் என்று அடுக்கினால், நடுவே நிற்கும் காற்றும் ஒரு தடுப்பாகிவிடுகிறது. தாம்பாளம் வேலைப்பொருளைவிடப் பல மடங்கு அகலமாக, குறைந்தது ஒன்றரை அடியாவது இருக்கட்டும். பின்சுவரில் பெயிண்டோ திரைச்சீலையோ இருந்தால் பாய்லர் வகைப் போர்டு ஒன்றை அங்கே நிறுத்துவது கல்லைவிட மலிவான வழி. சமையல் சிலிண்டர் இருக்கும் அறையில் இந்த ஏற்பாட்டை அமைக்க வேண்டாம்.

கரிக்கட்டையும் நகைவேலைக்கான சிறு கட்டிகளும் சென்னை சௌகார்பேட்டை, கோவை ராஜ வீதி போன்ற நகைத்தொழில் வட்டாரங்களில் கிடைக்கும். ஃபயர் பிரிக்கை அங்கே தேடுவதைவிட, வார்ப்பட ஆலைகளுக்கும் பாய்லர்களுக்கும் பொருள் தரும் கடைகளில் சில்லறையாகக் கேட்பது விலையில் நல்லது. மூட்டையாகத்தான் தருவோம் என்றால், விளிம்பு உடைந்த கற்களைக் கேளுங்கள். நம் வேலைக்கு அரைக்கல்லே போதும். கையில் எடுத்து எடை பாருங்கள், நகத்தால் கீறிப் பாருங்கள், கால்சியம் சிலிகேட் என்றால் பாய்லருக்கானதா கூரைக்கானதா என்று கேளுங்கள். தரத்தாளில் போட்டிருக்கும் உச்ச வெப்பநிலை வகைப்பாட்டுக்கான எண். தொடர்ந்து பயன்படுத்தத்தக்க எல்லை பொதுவாக அதற்குக் கீழே இருக்கும் என்பதால் இரண்டாவது எண்ணையே கேட்டு வாங்குங்கள்.